அறுப்புக்காரர்களுக்கு ஓசிப் படம்

“ஒய் ஜான்ரோஸ், படத்த நிறுத்தும்!” என்று ஆபரேட்டரிடம் கெஞ்சினான் ஈஸ்வரமூர்த்தி.

“பாதியில நிறுத்துனா கொட்டகையப் பிச்சு எறிஞ்சிருவாவ அண்ணாச்சி.”

நாஞ்சில் நாடு மலையாளச் சீமையோடு இருந்த காலம் அது. பூதப்பாண்டி ஆற்றுமணலில் டூரிங் கொட்டகை வந்துவிட்டால் ஊரெல்லாம் முறுக்கு மணக்கும். மணலைக் குவித்து உட்கார்ந்தால், முன்னால் இருப்பவர் தலைக்கு மேலேயும் படம் தெரியும்.

ஈஸ்வரமூர்த்தி மயிலாடியிலிருந்து பண்ணைக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை. வந்த அன்றே, மத்தியானம் வயலில் அறுப்பாட்களைப் பார்த்துவிட்டு, “ஆளுக ஒண்ணும் திங்கலையே?” என்று கேட்டான்.

“அதுகளுக்கு மத்தியானம் பசிக்காதுடே. பழக்கம்” என்றார் பண்ணையார் தாணுமாலய பிள்ளை, ஏப்பம் விட்டபடி. அவனும் நம்பிவிட்டான்.

மாசி மாதக் கும்பப்பூ நெல் அறுப்பு பாதியில் நின்றது. ஆட்கள் வேறு பண்ணைக்குப் போகப்போவதாகப் பேச்சு. “நாளைக்கு வயல்ல ஆள் இல்லேன்னா நீ மயிலாடிக்கு வண்டி ஏறிரு” என்றுவிட்டார் பண்ணையார்.

ஆட்களைக் குளிர்விக்க ஓசிப் படத்துக்கு ஏற்பாடு செய்தான். விளம்பரத் தட்டியில் நெற்கதிர் படம் போட்டிருந்தது. விவசாயப் படம், நல்லதுதான் என்று நினைத்தான்.

திரையிலோ கொடுமைக்காரப் பண்ணையார் ஒருவர் சாட்டையோடு நின்றார். “கஞ்சி குடிச்சது போதும், எழுந்திருங்கடா!”

கொட்டகையில் ஒரு பீடிகூடப் புகையவில்லை.

“சத்தத்தையாவது நிறுத்தும் ஒய்!”

நிறுத்தினார். உடனே அறுப்புக்காரி உலகம்மாள் எழுந்து, திரைப் பண்ணையாருக்குத் தானே குரல் கொடுத்தாள். “ஏட்டி, நிமிந்து என்ன பாக்கே? குனிஞ்சு அறுட்டி!”

அச்சு அசல் தாணுமாலய பிள்ளை. கொட்டகை சிரித்துப் புரண்டது.

பதறிப்போன ஈஸ்வரமூர்த்தி லென்சைத் துண்டால் மூடினான். இருட்டில் இப்போது எல்லோருமே தாணுமாலய பிள்ளை ஆனார்கள்.

“அதுகளுக்கு மத்தியானம் பசிக்காதுடே!” என்றது ஒரு குரல். பெரிய ஏப்பமும் கேட்டது. குழந்தைகள்கூடச் சிரித்தன. ஈஸ்வரமூர்த்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

காலையில் துணிமூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் வயலுக்குப் போனான். எல்லோரும் வரப்பில் அரிவாளோடு நின்றார்கள். ஒருவரும் குனியவில்லை.

“எம்மேல கோவமா உலகம்மா?”

“கோவம் எதுக்கு பிள்ளே? அந்தக் கொடுமைக்காரருக்க ஊரு எங்க இருக்குண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் அங்க அறுக்கப் போறோம்.”

“அந்த ஆளுகிட்டயா? சாட்டையால அடிக்கானே!”

“அடிச்சா என்ன பிள்ளே? மத்தியானம் கஞ்சி ஊத்துதாருல்லா!”