ஹாலஜன் விளக்கும் மடி வேஷ்டியும்

படித்தவன் வீட்டில் தீப்பிடித்தால் பெரும்பாலும் அவன் படிப்புதான் காரணமாக இருக்கும். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஒளியைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, வெப்பத்தை மறந்த கதை இது.

என் மனைவி மைதிலியின் தங்கை பத்மா, தில்லை நகரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அப்போது மார்கழி. சிறு வயதிலிருந்தே அந்த மாதம் அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் பாசுரம் சேவிப்பார்கள். "அக்கா சேவிக்கறதை முகத்தைப் பார்த்துண்டே கேக்கணும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அங்கே போய்ப் பாட முடியுமா? வீடியோ எடுத்து அனுப்புவதென்று முடிவாயிற்று.

"ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சு போன்ல எடுத்தாப் போதும்பா" என்றாள் என் மகள் சுதா.

"ஒரு பக்கம் நிழல் அடிக்கும்" என்றேன். (ஒளியமைப்பைப் பற்றி யூடியூபில் நிறையப் பார்த்திருந்தேன். அரைகுறை ஞானத்துக்கு அது தாராளம்.)

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீடியோக் கடையில் சும்மா கிடந்த பழைய ஹாலஜன் விளக்கை வாடகைக்கு எடுத்து வந்தேன். போட்டதும் மைதிலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஏன்னா, போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கற மாதிரின்னா இருக்கு!"

வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கின் முன்னால் வெள்ளைத் துணி தொங்கவிடச் சொல்லியிருந்தான் யூடியூப்காரன். (அவன் வைத்திருந்தது அவ்வளவாகச் சூடாகாத எல்.இ.டி. விளக்கு.) கூடத்துக் கொடியில், பூஜைக்கென்று யாரும் தொடாமல் உலர்த்தும் என் மடி வேஷ்டி உலர்ந்துகொண்டிருந்தது.

"விளக்கைத் தொட்ட கையால மடியைத் தொடாதீங்கோ. அது எந்தெந்த ஆத்துக்குப் போயிட்டு வந்ததோ!" என்றாள் மைதிலி.

ஆகவே, மடித்துணி உலர்த்தும் மூங்கில் கோலால் வேஷ்டியைத் தள்ளித் தள்ளி விளக்குக்கு முன்னால் கொண்டுவந்தேன். ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் விழாமலிருக்க மின்விசிறியையும் நிறுத்தினேன்.

போன் திரையில் மைதிலியின் முகம் விக்கிரகம் போல் ஒளிர்ந்தது. சேவிக்க ஆரம்பித்தாள். தீய்ந்த வாடை வந்தது. உள்ளே அடுப்பில் தளிகை அடிப்பிடிக்கிறது என்று நினைத்து, நிறுத்தாதே என்று அவளுக்குக் கை காட்டினேன். வேஷ்டியில் பழுப்பு வட்டம் விழுந்தது, புகைந்தது, பற்றிக்கொண்டது.

"அப்பா, இழுத்துப் போடு!"

"கோல் எங்கடி?"

"கையால இழுப்பா!"

"மடிடி!"

சுதாதான் பிளக்கைப் பிடுங்கி, துணியை இழுத்துப் போட்டு, வாளித் தண்ணீரைக் கொட்டினாள். மைதிலி புகையில் இருமிக்கொண்டிருந்தாள். அன்று போன குரல் உடனே திரும்பவில்லை.

பத்மா கேட்டுக்கொண்டே இருந்ததால், பதிவான வரை அனுப்பினோம். அவள் சிரித்ததாக அவள் மகன் சொன்னான். "அத்திம்பேர் மடியைக் காப்பாத்திட்டார், வேஷ்டியைத்தான் விட்டுட்டார்னு பெரியம்மாகிட்டச் சொல்லு" என்றாளாம் என்னைப் பற்றி. மைதிலிக்கு இருமல் நிற்பதற்குள் பத்மா பரமபதித்துவிட்டாள்.

அவசரத்தில் யாராவது தயங்கினால், "கோல் எங்கடி?" என்பார்கள் எங்கள் வீட்டில். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். யாராவது அந்த வீடியோவைப் போட்டால் மைதிலி மட்டும் சிரிப்பதில்லை. பாட்டு அறுந்த இடத்திலிருந்து மீதியை மெல்லச் சேவித்து முடிப்பாள். அதுவரை நான் எழுந்திருப்பதில்லை.