ஒரே பந்தல், ஒன்பது படம்

பத்து நாள் ராஜாவாக இருந்துவிடுவது என்று சுருளியாண்டி முடிவெடுத்தபோது, மனைவி ஏறிய பஸ் ஓடைப்பட்டியைக்கூடத் தாண்டியிருக்காது. சந்தனம்மாள் தங்கச்சி பிரசவத்துக்காகக் கூடலூர் போனாள். போகும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். திராட்சை பிஞ்சு திரளுகிற நேரம். தினமும் பந்தலுக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, ரெண்டு பேரும் படம் போட்டு வைக்கிற சைட்டில் ஏற்ற வேண்டும். மழை விழுந்தால் அன்றைக்கே மருந்து அடிக்க வேண்டும்.

தோட்டம் ஒன்றரை மைல். டீக்கடை பெஞ்சு நாலு எட்டு. நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

முதல் நாள் போய் அருமையாக ஒரு படம் எடுத்தார். ரெண்டாம் நாள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அதையே மறுபடி ஏற்றினார். 'இந்தப் படம் ஏற்கெனவே உள்ளது' என்று சைட்டு திருப்பி அனுப்பியது. இது சந்தனத்தைவிடக் கறாராக இருக்கிறதே என்று ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி ஏற்றினார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. மறுநாள் வெளிச்சத்தைக் கூட்டினார். அதற்கடுத்த நாள் படத்தை இடவலமாகவே திருப்பிவிட்டார். மழை பிடித்த நாளுக்குக் கறுப்பாக்கிப் போட்டார். கூடலூரிலிருந்து தினமும் 'நல்லாருக்கு' என்று பதில் வந்தது. சைட்டையும் சந்தனத்தையும் சேர்த்து ஏமாற்றிய ஆள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தான் ஒருத்தர்தான் என்ற சந்தோஷத்தில் இன்னொரு டீ சொன்னார்.

பத்தாம் நாள் காலையில் பெஞ்சில் வேறு பேச்சு. மருந்து அடிக்காத பந்தலில் எல்லாம் இலைக்கு அடியில் வெள்ளை பூத்து, பிஞ்சு கருகுகிறதாம். டீயைப் பாதியில் வைத்தார். வருஷத்துச் சோறே அந்தப் பந்தல்தான். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

குனிந்து ஒரு இலையைப் புரட்டினார். பச்சை. அடுத்ததும் பச்சை. மருந்து வாடை இன்னும் போகவில்லை. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் போன்ல சொல்லவும், பக்கத்துத் தோட்டத்து ஜக்கம்மா அக்கா அவுகளுக்கு அடிக்கையில நமக்கும் அடிச்சு விட்டாக."

பின்னால் சந்தனம்மாள், பஸ்ஸை விட்டு இறங்கிய பையோடு.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"நீங்க ஏத்துனதையெல்லாம் சைட்டு 'ஒரே மாதிரி படங்கள்'னு ஒரே கட்டாக் கட்டி எனக்குக் காட்டுச்சு. ரெண்டாம் நாளே தெரியும். அதுலயும் ஒண்ணுல மோட்டார் ரூம் கெழக்க இருந்து மேக்க போயிருந்துச்சு."

சுருளியாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். நீ இல்லாட்டி நான் நடுத்தெருவில்தான் என்று மனசாரச் சொன்னார். ஜக்கம்மா வீட்டுக்கு முதல் கூடை பழம் தானே சுமந்துபோய்க் கொடுப்பதாகவும் சொன்னார். அத்தனையும் நிஜம்.

சந்தனம்மாள் போனை நீட்டினாள். ஜக்கம்மா டீக்கடையைத் தாண்டும்போது தினம் ஒன்றாக எடுத்து அனுப்பிய எட்டுப் படம். எட்டும் வேறு வேறு நாள். எட்டிலும் அதே பெஞ்சு, அதே பச்சைத் துண்டு, அதே கால்மேல் கால்.

"இதையும் சைட்டு ஒரே கட்டாக் கட்டிருச்சு. ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மீதிய அழிச்சுரவான்னு கேக்குது" என்றாள். "அந்த ஒண்ணையும் எதுக்கு வச்சுக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்."