கடைவாய்ப் பேரரசின் வெள்ள நிவாரணம்

கடைவாய்ப் பல் ஒன்றின் உச்சியில் ஒரு பேரரசு இருந்தது. குடிகள் எல்லோரும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். வானம் திறந்து அவ்வப்போது ஜாங்கிரி விழும். அதைத் தின்று, புளித்த நீரை உமிழ்ந்து, அந்த நீரால் தங்கள் நாட்டையே கரைத்துக் குழி பறிப்பது அவர்களுடைய தொழில். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு வளர்ச்சி என்று பள்ளிப் பாடத்திலேயே இருந்தது.

பேரரசர் அமிலவேந்தர் முறைப்படி தேர்தலில் வென்றவர். அந்த நாட்டில் வயிறு நிறைந்தால் ஒருவர் இருவராகப் பிளந்துவிடுவார். ஆகவே வாக்குச்சாவடி வாசலில் ஆளுங்கட்சிக்காரர்களுக்கு மட்டும் சர்க்கரை கொடுப்பார்கள். ஒருவராக உள்ளே போனவர் இருவராக வெளியே வருவார். எதிர்க்கட்சி முறையிட்டது. தேர்தல் அதிகாரியின் வாயிலும் சர்க்கரை இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ள நிவாரண அமைச்சரின் பெயர் பிசினப்பர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாற்காலியை விட்டு நகர மாட்டார், அவ்வளவுதான். அவர் பிளந்தபோது பிறந்த மறுபாதி, தம்பி துகளன். இருவரில் யார் மூத்தவர் என்பதை எப்படித் தீர்மானித்தார்கள் என்று கேட்கக் கூடாது. பதவி கிடைத்தவர் அண்ணன். அண்ணன் குழிக்குள் அரண்மனை ஓரம் வசித்தார். தம்பி வெளிச்சரிவில் வசித்தான். அமைச்சருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

ஏனென்றால் நீல வெள்ளம் சரிவைத்தான் அடிக்கும். காரமான மருந்து நீர் அது. பட்டவர் பிழைப்பது அரிது. பிழைத்த சிலரின் உடம்பில் மட்டும் அந்த மருந்தைத் தாங்கும் வித்தை ஒன்று இருந்தது. சரிவுவாசிகளிடம் ஒரு வழக்கம் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் வந்து உடம்போடு உடம்பு சாய்ந்தால், கேட்காமலே வித்தையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட வேண்டும். சாய்ந்தவரைச் சும்மா அனுப்புவது அநாகரிகம்.

செய்தி அரண்மனையை எட்டியது. வேந்தருக்கு மனம் புண்பட்டது.

"நாம் கொடுக்காத உயிரை இவர்கள் எப்படி வைத்துக்கொள்ளலாம்?" என்றார். "இனி வித்தை அரசுடைமை. சாய்வது குற்றம். அரண்மனை முத்திரை பெற்ற குடிமக்களுக்குத் தேர்தல் சமயத்தில் விலையில்லாமல் வழங்கப்படும்."

வித்தையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த வெள்ளத்தில் சரிவே ஏறக்குறையக் காலியானது. பிசினப்பர் மாண்டவர் கணக்கை எடுத்துக்கொண்டு அவைக்குப் போனார்.

"மாண்டவர்களிடம் முத்திரை இருந்ததா, அமைச்சரே?"

"இல்லை, வேந்தே."

"முத்திரை இல்லாதவர் குடிமகன் அல்லர். ஆகவே குடிமக்களில் உயிரிழப்பு ஏதுமில்லை. உமது துறைக்கு விருது வழங்குகிறோம்."

பிசினப்பர் விருதை வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? மறுநாளே அடுத்த ஆணை வந்தது. முத்திரை இல்லாமல் செத்தவர் குடிமகன் இல்லையென்றால், முத்திரை இல்லாமல் பிழைத்தவர் வெள்ளத்தின் கையாள். பிடித்து வெளியே தள்ளுக. தடை வருமுன்பே சாய்ந்து வித்தையை வாங்கியிருந்ததால் அப்படிப் பிழைத்தவர்களில் துகளனும் ஒருவன். அமைச்சர் அடித்துப் பிடித்துச் சரிவுக்கு ஓடினார்.

"டேய், உள்ளே வந்துடு. முத்திரை நான் வாங்கித் தர்றேன்."

"உள்ளே இருக்கிறவங்களுக்கு வித்தையக் கொடுத்தாச்சாண்ணே?"

"தேர்தல் வரட்டும்னு பெட்டியிலயே வெச்சிருக்காங்க."

"அப்ப உனக்கே இல்லையா? வா, சாஞ்சுக்க."

"நான் அமைச்சர்டா" என்றார் பிசினப்பர். தம்பியின் மேல் அவருக்குப் பாசம் பொங்கியது. ஆனாலும் சாயவில்லை.

சரிவு காலியானதற்கு வேந்தர் கண்ட தீர்வு, குழியை இன்னும் ஆழமாக்குவது. வெள்ளம் எட்டாத ஆழம் வரை கரைக்கச் சொன்னார். ஒரு நாள் தரை மெத்தென்றாகி விண் விண்ணென்று அதிர்ந்தது.

"நாடே நம்மை எண்ணித் துடிக்கிறது" என்று வேந்தர் நெகிழ்ந்தார்.

சற்று நேரத்தில் வானம் திறந்தது. இம்முறை மூடவே இல்லை. கண் கூசும் விளக்கு, இரும்புச் சூறாவளி, அதன் பின்னால் குழியின் அடி வரைக்கும் மருந்து வெள்ளம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சாவி தேர்தல் அதிகாரியிடம் இருந்தது. அவரைச் சூறாவளி முதலிலேயே கொண்டுபோயிருந்தது. முத்திரை பெற்றவர்கள் முத்திரையோடு மாண்டார்கள். எங்கிருந்தோ துகளன் பாய்ந்து வந்து, அனுமதி கேட்காமல், அண்ணன் மேல் சாய்ந்தான்.

வெள்ளம் இருவரையும் அடுத்த பல்லில் கொண்டுபோய் ஒதுக்கியது. வழுவழுவென்று, ஒரு கீறல்கூட இல்லாத பல். அந்த ஊர்க்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்க நாட்டுல என்னங்க ஆச்சு?"

பிசினப்பர் உடம்பை உதறிக்கொண்டார். யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது. "வளர்ச்சி உச்சத்தைத் தொட்டுவிட்டது."

"அங்க நீங்க யாரு?"

"விருது பெற்ற வெள்ள நிவாரண அமைச்சர். அவ்வளவு பெரிய வெள்ளத்திலும் பிழைத்து நிற்பவன்."

 யாரோ ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டுவந்தார்கள். வயிறு நிறைய நிறைய அவருடைய ஆதரவாளர்கள் பெருகினார்கள். பொழுது சாய்வதற்குள் பிசினப்பர் பேரரசர்.

முதல் ஆணையை அவரே வாசித்தார். ஒருவர் மேல் ஒருவர் சாய்வது இன்று முதல் குற்றம். வெள்ளத்தில் மிதந்து வந்தவர் எவராயினும் வெள்ளத்தின் கையாள்; உடனே வெளியேற்றப்படுவார். மக்கள் மகிழ்ச்சியில் இரண்டிரண்டாகப் பிளந்தார்கள்.

துகளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "அண்ணே, நீயும் மிதந்துதானே வந்தே?"

பேரரசர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மிகுந்த அன்போடு சொன்னார்: "அது இன்னும் உனக்கு மட்டும்தான்டா ஞாபகம் இருக்கு. அதனாலதான் நீ இங்கே இருக்கக் கூடாது."