அம்மன் என் பக்கம் சாய்ந்த காரணம்

மஹய்யாவ,
கண்டி.

கலஹா தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியின் செயலாளரும், அதற்கு முன்னாலேயே என் கூடப்பிறந்த தம்பியுமான மூக்கையாவுக்கு, அண்ணன் அழகமுத்து எழுதிக்கொள்வது. இங்கே உன் அண்ணி ரத்தினம்மாவும் மகள் சந்திரிகாவும் சுகம். நான் அவர்களைவிடச் சுகம். உன் வீட்டாருக்கும், இந்த வருஷம் சப்பரம் தூக்குகிறவர்கள் பட்டியலில் என் பெயரை வெட்டிய கமிட்டிக்காரர்களுக்கும் அம்மன் நல்ல சுகத்தையும் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும்.

போனில் பதில் சொன்னால் "சிக்னல் இல்ல அண்ணே" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கமிட்டியில் சத்தமாக வாசி. சப்பரத்தின் முன் தண்டில் வலது பக்கம் நம் அப்பா தோள் கொடுத்த இடம். அவருக்குப் பிறகு நான். "போன வருஷம் அம்மன் உங்க பக்கமாவே சாஞ்சு வந்தா அண்ணே, பூசாரி பயந்துட்டாரு" என்கிறாய். சாய்ந்தாள்தான், யார் இல்லையென்றது. பிரியமானவர்கள் பக்கம் யாரும் சாயத்தான் செய்வார்கள். அதற்குப் போய் நான் உயரம் குறைஞ்சிட்டேன்னு ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சீங்க பாரு, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் குறையவில்லை. என் காற்சட்டைகள் நீளுகின்றன. டவுனில் ஜவாஹிர் முதலாளியின் கடையில் எடுத்ததெல்லாம் இப்போது தரையைக் கூட்டுகிறது. கொண்டுபோய் அவர் மேசைமேல் போட்டு, இதென்ன துணி என்று நியாயம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணன், துணி சுருங்குறத கண்டிருக்கேன், நீளுறத இந்த யாவாரத்துல கண்டதில்ல. ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறார். துணிக்கு டொக்டர் எதற்கு என்று கேட்டுவிட்டு வந்தேன்.

சரி, கமிட்டிக்குச் சந்தேகம் இருக்கக்கூடாதே என்று நானாகவே தோளைப் பழக்கத் தொடங்கினேன். சப்பரம் கைக்கு எட்டாததால் காஸ் சிலிண்டர். உனக்குத்தான் தெரியுமே, ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படி ஏறி வரவேண்டும், நானும் அம்மனை நினைத்து அதைத் தோளில் வைத்து பாதிப் படி ஏறினேன், முதுகில் டக்கென்று ஒரு சத்தம், சிலிண்டர்தான் வெடிக்கப்போகுதுன்னு நான் கீழே வைச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன், சந்திரிகா ஓடி வந்து என்னைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள், அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுன்னு ஏறிப் போயிட்டாள். பிறகு வந்து என்னை எழுப்பினாள். அவளுக்கு என் உடம்பு வாகு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதுகெலும்பு ஒன்று அமுங்கியிருக்கிறது, எலும்பெல்லாம் அடர்த்தி குறைந்து மெலிந்திருக்கிறது என்றார். "அது பொம்பளைங்களுக்கு வர்றது அம்மா, எங்க வீட்டுலயே ஒருத்திக்கு இருக்கு" என்றேன். "ஆம்பளைங்களுக்கும் வரும் ஐயா, பீடி குடிச்சா சீக்கிரமாவே வரும்" என்றார். படித்த பிள்ளை, எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் நீயே யோசி. தோட்டத்தில் ரோடு போடும்போது மண்ணை அமுக்கினால் கெட்டியாகுமா, மெலியுமா? அப்படிப் பார்த்தால் என் முதுகு முன்னையைவிடக் கெட்டி.

எலும்புக்கு வாரத்துக்கு ஒரு மருந்துக் குளிசை. ஞாயிற்றுக்கிழமை எழும்பின உடனே வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், குனியாமல், தேத்தண்ணி குடிக்காமல் இருக்கவேண்டுமாம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் தேத்தண்ணி இல்லாமல் என்றைக்குக் கண் விழித்திருக்கிறான்? முதல் வாரம் சாயத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுச் சாய்ந்துகொண்டேன், நெஞ்சு தீயாக எரிந்தது, உன் அண்ணி போட்ட சத்தம் எங்கள் மாவத்தையில் தெருமுனை வரைக்கும் கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து என்னை வாசலில் நிறுத்திவிட்டாள். போகிறவன் வருகிறவனெல்லாம் "யாருக்கு அண்ணே காவல்?" என்கிறான். அவளுக்குக் கை முறிந்த நாளிலிருந்து அவளும் இப்படித்தான் மருந்து, நெத்தலி, முருங்கைக்கீரை, காலை வெயில், நடை என்று கிடந்தாள், நான் சிரித்தேன். இப்போது என் தட்டிலும் முருங்கைக்கீரை. சிரிப்பது அவள்.

முந்தாநாள் திருவிழாவுக்குக் கட்டும் மஞ்சள் வேட்டியை எடுக்க அலுமாரி ஓரமாகக் கதிரை போட்டு ஏறினேன். கதிரைக்கு ஒரு கால் போய்விட்டது. எனக்கு ஒன்றுமில்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

ஆகவே முன் தண்டு எனக்குத்தான். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் உன்னைப்போல அண்ணன் பெயரை வெட்டாதவர்களாக வளரட்டும். அம்மன் துணை.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அழகமுத்து

பி.கு.: தம்பி, இவ்வளவையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினது உங்க அண்ணி ரத்தினம்மா. அவருக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சு பிளாஸ்டர் போட்டிருக்கு. ஒன்றுமில்லைன்னு எழுதச் சொன்னாரு, எழுதிட்டேன். இனி எழுதுறது நானாக. அவர் தூங்குறார்.

அவரைத் தண்டு தூக்க விடாதீங்க. இன்னொரு எலும்பு அமுங்கினா அவர் எழும்பமாட்டார்னு டொக்டர் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. எனக்குப் பயமா இருக்கு தம்பி. ஆனா அந்த இடத்தை வேற வீட்டுக்குக் கொடுத்தீங்கன்னா அவர் அதுலயே படுத்திருவாரு. அதனால சந்திரிகாவ அனுப்புறேன். பொம்பளைப் பிள்ளையான்னு கமிட்டியில கேட்டா, அந்த சிலிண்டர் கதைய மட்டும் திருப்பி வாசிங்க. இப்ப அவ தோள் நிக்கிறது அவரோட பழைய தோள் உயரத்துல, அம்மன் சாயமாட்டா.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அவருக்குக் குளிசை நாள். அரை மணி நேரம் எப்படியும் நிமிர்ந்து நிக்கணும். விடியக்காலையில அம்மன் புறப்படும்போது மஞ்சள் வேட்டியோட முன்னால நிக்கட்டும். அந்த நேரத்துல யாரும் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துராதீங்க.