இடைவேளைக்குப் பிறகு காலியான இருக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலம்தானே? உங்கள் நாளிதழும் நலமாக இருக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது.

உங்கள் திரை விமர்சகர் என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. என் கல்யாணப் புகைப்படத்தில் என் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பவர். அந்த விமர்சகர் வேலைக்கு நானும் விண்ணப்பித்தேன். 'நடை மிகவும் நிதானம்' என்று திருப்பி அனுப்பினீர்கள். அதே நிதானத்துக்காக இப்போது ஒரு நல்ல படத்தை அவர் அடித்துத் துவைத்திருக்கிறார். பழைய துப்பறியும் படம் ஒன்றின் ரீமேக். 'ஆமை வேகம், நாயகன் முகத்தில் சலனமே இல்லை, பழைய படத்தைப் போலவே கடைசியில் டாக்டர்தான் கொலையாளி என்பதும் ஊரறிந்த ரகசியம்' என்று ஞாயிறு இதழில் தீர்ப்பு.

ஐயா, சனிக்கிழமை பகல் காட்சியில் நான், என் மனைவி, அவர் என மூவரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். பழைய படத்தில், நண்பன் தன்னை ஏமாற்றுகிறான் என்று தெரிந்ததும் நாயகன் கண்ணாடியை உடைப்பான், மேஜையைக் கவிழ்ப்பான், வெளியே இடி இடிக்கும். இதில் அந்த நண்பனுக்கான தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்குகிறான். கலக்கிக்கொண்டே இருக்கிறான். கரண்டி நின்ற கணத்தில் என் முதுகு சில்லிட்டது. அதுதான் நடிப்பு. என் மைத்துனரோ, "என்ன அத்தான், சர்க்கரை இன்னும் கரையலையா?" என்றார், முன் வரிசைக்கும் கேட்கும்படி. இடைவேளையில் "பாப்கார்ன் வாங்கிட்டு வரேன் அத்தான்" என்று போனவர், அது விளையும் இடத்துக்கே போய்விட்டார் போலும், திரும்பவில்லை.

ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தார். இதழ் என் மடியில். "கடைசியில டாக்டரைப் பிடிச்சாங்களே, அந்த சீன் எப்படி?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதுல என்ன இருக்கு அத்தான்? கைவிலங்கு, மழை, அழுகை. பழைய சரக்குதான்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "டேய், இடைவேளை முடிஞ்ச உடனே டாக்டர் செத்துப்போயிட்டாரேடா! கொலை பண்ணினது நர்ஸுடா!"

மைத்துனர் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை. முகத்தில் ஓர் அசைவு இல்லை. அப்படியோர் அடக்கமான நடிப்பை அந்த நாயகனிடம்கூட நான் பார்த்ததில்லை. நான் என் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். நீண்ட நேரம் கலக்கினேன்.

ஆகவே ஐயா, பாதிப் படத்துக்கு முழுத் தீர்ப்பு எழுதுகிறவரை அனுப்பிவிட்டு, கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும்வரை இருக்கையை விட்டு அசையாத ஒருவனுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். அவன் பெயர் கீழே இருக்கிறது. உங்கள் குடும்பத்தாருக்கும் அச்சுக்கூடத்தில் இருப்பவர்களுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அசையலை, சரி. முழிச்சுக்கிட்டா இருந்தீங்க? டாக்டர் செத்ததே வர்ற வழியில நான் சொல்லித்தானே தெரியும்? தாராளமா பேரைப் போட்டு அனுப்புங்க. அடுத்த படத்துல எழுப்பவும் மாட்டேன், கதையும் சொல்ல மாட்டேன்" என்கிறாள். கரண்டி நின்றபோது நான் விழித்திருந்தேன்; அது சத்தியம். ஆகவே கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று நீங்களே துப்பறிந்துகொள்ளுங்கள். அவசரமில்லை, நிதானமாகவே.