அரை டேங்க் தண்ணீரும் ஹெவி லைசன்ஸும்

எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும். வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போது எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்.

ஹெவி லைசன்ஸ் எடுக்கப் போனதும் கோபத்தில்தான். எங்கள் வயல் கிணற்றிலிருந்து காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களுக்கு லாரியில் தண்ணீர் அடிக்கிறோம். தொழில் என் பொறுப்பு. வீட்டுக்காரர் பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர். அறுபது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு “கலர் சரியில்லை” என்று எழுந்து போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு வழியனுப்புவார். (நானாக இருந்தால் அறுபதையும் அவர்களையே மடித்து வைக்கச் சொல்லியிருப்பேன்.)

எங்கள் லாரி டிரைவர் கோதண்டம் முகூர்த்த நாளாகப் பார்த்துக் காணாமல் போவார். ஒரு வைகாசி முகூர்த்தத்தில் முதல் பந்தி முழுவதும் சாம்பார் கையோடு எழுந்து நிற்க, குழாயில் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு லாரியைப் பார்த்துக்கொள்வதாக மண்டப மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் அவர் சொன்னதை எல்லாம் அச்சில் போட முடியாது.

மறுநாள் கோதண்டம் சாவகாசமாக வந்து நின்றார்.

“மச்சினிக்கு வளகாப்பும்மா.”

“நல்லா இருக்கட்டும். இனிமே லாரிய நானே ஓட்டிக்கிறேன்.”

அவர் சிரித்தார். “காரு ஓட்டுற கைக்கு லாரி வராதும்மா.”

பதினோரு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஒரு கோடு விழுந்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகவே முடிவு செய்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஸ்டியரிங் என் கையில் இருக்க வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் பழகினேன். காரில் மூலை வந்ததும் திருப்புவோம். லாரியில் மூலை தாண்டிப் போய்த் திருப்ப வேண்டும். இதைப் புரிந்துகொள்வதற்குள் ஸ்கூல் சுவரில் இரண்டு செங்கல் போயிற்று. (பழைய சுவர்.) ஆடியில் டெஸ்ட் தேதி வந்தது. என் லாரியில்தான் டெஸ்ட் கொடுப்பேன் என்று அடம்பிடித்தேன்.

“காலி வண்டியா எடுத்துக்கினு போம்மா,” என்றார் கோதண்டம்.

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. இவளுக்கு லோடு வண்டி வராது என்று சொல்வதாகக் கேட்டது. “காலி வண்டிய யாரு வேணா ஓட்டலாம். ஃபுல்லா அடிங்க,” என்றேன்.

பாதி நிறைந்தபோது கரண்ட் போய்விட்டது. நேரமாகிவிட்டதால் அப்படியே கிளம்பினோம். நிறைந்த டேங்கில் தண்ணீர் சும்மா கிடக்கும், அரை டேங்கில்தான் ஆட்டம் போடும் என்பது எனக்கு அன்று தெரியாது. கோதண்டத்துக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தார்.

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் அட்டையோடு நின்றார். சுண்ணாம்புக் கோட்டில் எட்டு போட்டேன். அருமையாக வந்தது. பிறகு கோட்டருகே நிறுத்தச் சொன்னார். பிரேக்கை மிதித்தேன். லாரி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. டேங்குக்குள் முன்னால் ஓடி முட்டி, மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு கேபினைத் தாண்டிப் பாய்ந்து, இன்ஸ்பெக்டரின் தலையிலிருந்து பூட்ஸ் வரை நனைத்தது. கோட்டில் இருந்த சுண்ணாம்பும் கரைந்து ஓடியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரிவர்ஸ் எடும்மா,” என்றார். அவ்வளவுதான். தங்கமான மனுஷன்.

கியரைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று லாரிக்குப் பின்னால் இருபது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. மைதானத்தை ஒட்டிய தெருவில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லையாம். தண்ணீர் லாரி நின்றால் நம் ஊரில் கேள்வியா கேட்பார்கள்? குடத்தோடு ஓடி வருவார்கள்.

“ஏம்மா, இது டெஸ்ட் கிரவுண்டு,” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

முன்னால் நின்ற சரோஜா என்ற அம்மாள் அசையவில்லை. “டெஸ்ட் பண்ணிக்கோ சார், நாங்க இன்னா வேணான்னா சொன்னோம்? மொதல்ல தண்ணி உடச் சொல்லு.”

என் மூளை லீவு போட்டது. கதவைத் திறந்து குதித்தேன்.

“குடத்த எடுக்கிறீங்களா, மேல ஏத்தட்டுமா?”

“ஏத்து பாக்கலாம்! லைசன்ஸே இல்லையாம், ஏத்த வந்துட்டா!”

இருபது பேரும் சிரித்தார்கள். கோதண்டம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சண்டையை முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார். கோட்டைக் கரைத்ததற்கோ அவரைக் குளிப்பாட்டியதற்கோ அவர் பெயில் போடவில்லை. “டெஸ்ட் நடக்கும்போது வண்டியை விட்டு இறங்கினார்” என்று எழுதியிருந்தார்.

தண்ணீரைச் சுமந்துகொண்டு திரும்பிப் போகவும் பயமாக இருந்தது. பின்குழாயைத் திறந்துவிட்டேன். கடைசிக் குடம் நிறைந்ததும் சரோஜா கேட்டார்: “பெயிலாம்மா? மறுபடி எப்ப வர? சொல்லிட்டு வா, டிரம்மு எடுத்துக்கினு வரோம்.”

“இனிமே காலி வண்டிதான் வரும்.”

“அப்ப சீக்கிரம் பாஸாயிட்டு நெறச்சி எடுத்துக்கினு வா. வந்தியே, போனியேன்னு இருக்காத.”

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது மறுபடி போனேன், காலி லாரியோடு. அந்தத் தெருவே வந்திருந்தது. குடங்களைக் கவிழ்த்துப் போட்டு, கருட சேவை பார்க்க உட்காருவது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எட்டு போட்டேன். கோட்டில் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் சரோஜாவிடம் போய் இரண்டு குடம் வாங்கிவந்து லாரிக்குப் பின்னால் வைத்தார்.

“நடுவுல வாம்மா. என்ன நடந்தாலும் எறங்காத.”

“சார், அது புதுக் குடம்!” என்று சரோஜா அலறினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக வந்தேன். பின்னாலிருந்து ஆளுக்கொரு திசை சொன்னார்கள். ஒருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததில்லை. இரண்டு குடமும் அப்படியே நின்றன. பாஸ்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மண்டபத்துக்கு நான்தான் லோடு கொண்டு போனேன். அதற்கு முதல் நாளே சரோஜா தெருவுக்கு ஒன்று போய்விட்டது. இன்றும் அங்கே குழாய் நின்றால் எனக்குத்தான் போன் வரும்.

வீட்டில் வேறு கதை. நான் காரை ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் ஒரு குடத்தைக் கொண்டுவந்து பின்னால் வைப்பார். போன மாதம் அதன் மேல் ஏற்றிவிட்டேன். படாரென்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். அப்பளம்.

அவர் உடைந்த குடத்தில் ஒரு துண்டை எடுத்துப் புடவை மாதிரி நிதானமாக விரித்துக் காட்டினார்.

“லாரி ஓட்டுற கைக்கு காரு வராதும்மா.”