சுருக்கம் பார்க்கப் போனோம்

என் முகத்தை இனிமேல் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அதுவரை அந்த வேலையை என் மனைவிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் ஒருமுறை பார்ப்பாள். "காலங்காத்தால இந்த மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்பாள். அத்தோடு அன்றைய பராமரிப்பு முடிந்தது.

இந்த முடிவுக்குக் காரணம் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர்.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். மூக்குக் கண்ணாடி விற்கும் கடை என்பதால் சுவரெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. திரும்பின பக்கமெல்லாம் நான்தான் நிற்பேன். பார்த்துப் பார்த்துப் புளித்துப்போய் என்னை நானே கண்டுகொள்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. தலைமை ஆசிரியர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர். வாய் நிறைய "தம்பி, தம்பி" என்பார். அன்றைக்கு அவருக்குப் புது லென்ஸ் தயாராகியிருந்தது. நானே என் கையால் மாட்டிவிட்டேன்.

"எப்படி சார் இருக்கு?"

"அடேயப்பா! எதிர்க் கட்டடத்து போர்டெல்லாம் படிக்க முடியுதே!" என்று வாசலைப் பார்த்துப் பூரித்தவர், அதே பூரிப்போடு என் பக்கம் திரும்பினார். பூரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா... இங்க ஒரு தம்பி இருப்பாரே, அவர் வரலையா?"

"நான்தான் சார் அந்தத் தம்பி."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமா, தம்பிதான்." மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கைகூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. இத்தனை நாளா மரியாதை இல்லாம பேசிட்டேன்."

என் கையால் அளந்து கொடுத்த லென்ஸ். எனக்கு நானே வைத்துக்கொண்ட வேட்டு.

அவர் போனதும் சுவர்க்கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நெற்றியில் பள்ளிக்கூட நோட்டுப் போலக் கோடு போட்டிருந்தது. எழுத ஆள்தான் பாக்கி. புருவத்துக்கு நடுவே செங்குத்தாக இரண்டு பள்ளம், பேனா சொருகி வைக்கலாம். கண்ணோரத்தில் விசிறி மடிப்பு. இவ்வளவு வேலைப்பாட்டை ஒரே முகத்தில் யார் எப்போது செய்தார்கள் என்றே தெரியவில்லை.

எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு தோல் டாக்டர் இருக்கிறார். வாசல் போர்டில் பாதி முகம் சுருங்கியும் பாதி முகம் வழவழவென்றும் ஒரு அம்மா சிரித்துக்கொண்டிருப்பார். தெருவைத் தாண்டினால் போதும். ஆனால் தாண்டுவது யார்? எங்கள் கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். நான் தும்மினால் அது தெரு முனையில் நிமோனியாவாகப் போய்ச் சேரும். சுருக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தேன் என்று தெரிந்தால் என் மானம் என்னாவது?

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது. அவளை நோயாளி நாற்காலியில் உட்கார வைப்பது. அவள் முகத்தைக் காட்டி என் முகத்துக்கு வழி கேட்டுக்கொள்வது. பார்க்கிறவர்களுக்கு நான் பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கும் புருஷன். என்னையே நான் மெச்சிக்கொண்டேன். அந்த வேலையை வேறு யாரும் செய்வதில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் தையல் மிஷினில் இருந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பது அவள்தான்.

"நான் ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"என்னன்னு தெரிஞ்சாத்தானே கோவிச்சுக்கலாமா வேணாமான்னு யோசிக்க முடியும்? வேலை கிடக்கு. சுருக்கமா சொல்லுங்க."

"சுருக்கத்தைப் பத்தித்தான்."

"எந்தத் துணியில?"

"துணியில இல்ல. உன் முகத்துல."

மிஷின் நின்றது. கத்தரிக்கோல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எங்க இருக்கு?"

"அங்கங்க... லேசா... உத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"நீங்க எப்போ என்னை உத்துப் பார்த்தீங்க?"

தயாரித்து வந்த வசனத்தில் அவசரமாக அடுத்த பக்கத்துக்குத் தாவினேன். "எல்லாம் ஒரு அக்கறையிலதான் சொல்றேன். நல்ல டாக்டரா பார்த்து ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம். துணைக்கு நானே வர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நெற்றியில் ஆரம்பித்து மெல்ல இறங்கித் தாடையில் முடிந்த பார்வை. தையல்காரிகளுக்கு அளவெடுக்க டேப் வேண்டியதில்லை.

"சரிங்க. போலாம். நானே போன் பண்ணி நேரம் வாங்கிடறேன்."

என் கல்யாண வாழ்க்கையில் என் யோசனை ஒன்று சண்டையில்லாமல் ஜெயித்தது அன்றுதான். சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? நானோ சந்தோஷப்பட்டேன்.

எதிர்க் கட்டடத்து டாக்டரிடம், வீட்டுக் கூடம் போலக் குளுகுளுவென்று ஒரு காத்திருப்பு அறை. வந்திருந்த எல்லாரும் பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்கள். முகத்தைக் காட்ட வந்த இடத்தில் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எங்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரி. முகத்தில் தேடினாலும் கோடு இல்லை. அது வைத்தியமா வயசா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"உக்காருங்க சார்" என்று விளக்குக்குக் கீழே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"எனக்கில்ல டாக்டர். இவங்களுக்கு."

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்லையே, உங்க பேர்லதானே நேரம் வாங்கியிருக்கு?"

"நான்தான் டாக்டர் வாங்கினேன்" என்றாள் என் மனைவி, பதமாக. "அவர் ரொம்பக் கூச்சப்படுவார். ஒரு வாரமா குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு, நெத்தித் தோலை மேல தூக்கி எலாஸ்டிக் கட்டிப் பார்த்துக்கிட்டிருக்கார். என் தையல் பெட்டி எலாஸ்டிக். இப்ப அது ஒன்னுத்துக்கும் உதவாது, தொளதொளன்னு ஆயிடுச்சு."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆடியிருந்தால் அந்த விளக்கு வெளிச்சத்தில் ஈக்கு எத்தனை கால் என்றுகூட எண்ணியிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டர் கேள்வி கேட்டார். கேள்வி எனக்கு, பதில் அவளுடையது.

"வெயில்ல அலையுற வேலையா?"

"கடைக்குள்ளதான் டாக்டர். டீ குடிக்க மட்டும் வெளிய வந்து வெயில்ல நிப்பார். ஆனா நாள் பூரா டீதான் குடிப்பார்."

"புகை பிடிப்பீங்களா சார்?"

"விட்டுட்டேன்" என்றேன் முந்திக்கொண்டு.

"ஆமா டாக்டர், மூக்கு வழியா."

"தூக்கமெல்லாம் எப்படி?"

"அதுல ஒரு குறையும் இல்ல. நான் பேச ஆரம்பிச்சாலே வந்துடும்."

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா? அலர்ஜி உண்டா?"

"மருந்து இல்ல. அலர்ஜின்னா என் தம்பிதான். அவனைக் கண்டாலே இவருக்கு ஆகாது."

டாக்டர் இதையும் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து என் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்வையிட்டார். நிலம் வாங்க வந்தவர் போல. புருவத்தைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். சிரிக்கச் சொன்னார்.

"அது அவருக்கு வீட்டுக்கு வெளியிலதான் வரும். தாராளமா வரும், பாருங்க" என்றாள் மனைவி. சிரித்தேன். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"இப்போ கோவமா முகத்தைச் சுளிங்க."

பெண்டாட்டியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கோபப்படு என்றால் எந்தப் புருஷனால் முடியும்? முக்கினேன். முனகினேன். மலச்சிக்கல்காரன் முகம் வந்ததே தவிர கோபம் வரவில்லை.

"இருங்க டாக்டர், நான் வரவழைக்கிறேன்" என்றாள் மனைவி. என் பக்கம் குனிந்தாள். "என்னங்க, என் தம்பி டிரம்ஸ் வாங்கியிருக்கான்."

"அப்படியே! அப்படியே! அசையாதீங்க!" டாக்டர் துள்ளினார். "அருமை சார். இவ்வளவு பலமான தசை நான் பார்த்ததே இல்ல."

வாழ்க்கையில் என்னிடம் பலம் என்று ஒன்றை ஒருவர் கண்டுபிடித்தது இதுவே முதல் தடவை. அது இரண்டு புருவத்துக்கும் நடுவே இருந்திருக்கிறது.

பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். முகத்தை அசைத்தால் மட்டும் விழுகிற கோடு ஒரு ரகம். சும்மா இருக்கும்போதும் கூடவே இருக்கிற கோடு இன்னொரு ரகம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெயிலில் போகுமுன் க்ரீம் தடவ வேண்டும், படுக்கும்போது வேறொன்று. புகையை நிஜமாகவே விட வேண்டும். அசைவதால் வரும் கோட்டுக்கு ஊசி ஒன்று உண்டு, அந்தத் தசையைக் கொஞ்ச காலத்துக்குத் தூங்க வைத்துவிடும்.

"என்னை மறுபடி தம்பி ஆக்கிடுவீங்களா டாக்டர்?"

"தம்பி ஆக்க முடியாது சார். களைச்சுப்போன அண்ணனை, நல்லா தூங்கி எழுந்த அண்ணனா ஆக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். அவசரமே இல்ல. க்ரீமை முதல்ல தடவிப் பாருங்க. ஊசி வேணுமான்னு வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க."

ஊசி என்றதுமே என் கண் வாசல் கதவைத் தேடியது. நிதானமாக, அடுத்த ஜென்மம் வரைக்கும் யோசிப்பது என்று எழுந்தேன். என் மனைவி எழவில்லை.

"டாக்டர், அந்த ஊசி போட்டா இவரால முகத்தைச் சுளிக்கவே முடியாதா?"

"கிட்டத்தட்ட முடியாது."

"பயங்கரக் கோவம் வந்தாலும்?"

"கோவம் வரும். முகத்துக்கு வராது."

"போட்ட உடனே பிடிச்சுடுமா?"

"மெல்ல மெல்லப் பிடிக்கும். முழுசா பிடிக்க ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் சில மாசத்துக்குக் கவலையில்ல."

"சில மாசம்!" என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். என் மேல்தான் எத்தனை அக்கறை!

போகும்போது டாக்டர் அவளையும் ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்குக் கண்ணோரத்துல லேசா இருக்கு. நிறைய சிரிப்பீங்களோ?"

"பின்னே என்ன டாக்டர், இவரோட இல்ல குடித்தனம் பண்றேன்."

அடுத்த சில நாட்கள் எங்கள் வீடு வீடாகவே இல்லை. என் டீயில் சர்க்கரை கூடியது. பேச்சில் அதைவிடக் கூடியது. "அந்த ரெண்டு பள்ளம் மட்டும் போயிட்டா உங்களுக்கென்னங்க, மாப்பிள்ளை மாதிரி இருப்பீங்க" என்று புருவத்துக்கு நடுவே விரலால் தடவுவாள். தடவிய இடத்தில் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடும். நானாகவே போய் ஊசி போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு அம்மா என்றேன். டாக்டர் இன்னும் குத்தவில்லை என்றார்.

அன்று முழுக்க அவள் என் நெற்றிக்குக் காவல் இருந்தாள். "தேய்க்காதீங்க! குனியாதீங்க! மல்லாக்கப் படுக்காம உக்காருங்க!" பச்சைப் பிள்ளையின் உச்சந்தலையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பாதுகாக்க மாட்டார்கள்.

ஊசி பிடித்தது. நெற்றி, அலம்பிக் கவிழ்த்த தட்டு போல ஆகிவிட்டது. கடையில் ஒரு அம்மா இருக்கிற பிரேம் அத்தனையும் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்றபோது உள்ளே எரிமலை வெடித்தது. வெளியே நான் சாந்தமாக இருந்தேன். முதலாளி தோளில் தட்டினார். "வாடிக்கையாளரை எப்படி நடத்தணும்னு உங்ககிட்ட கத்துக்கணும்யா." ஒலிபெருக்கிகூட அன்று எனக்குச் சாதகமாகவே ஒலிபரப்பினார். மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் செருப்புக்குப் பதில் டிரம்ஸ் இருந்தது. பெரிதும் சிறிதுமாக, ஒரு குடும்பமே வந்து இறங்கியது போல. உள்ளே என் நாற்காலியில் என் மச்சான்.

"வாங்க மாமா, உக்காருங்க!" என் வீட்டில், எனக்கு.

"என்ன மாப்பிள, திடீர்னு?"

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார் மாமா. நான் வாசிச்சா அவருக்குத் தலைவலியாம். ரசனை கெட்ட ஆளு. வேற இடம் அமையுற வரைக்கும் இங்கயே இருந்துடுன்னு அக்கா சொல்லுச்சு. உங்க ரூம்தான் எதிரொலி இல்லாம நல்லா இருக்கு."

உடம்பில் இருந்த கோபம் அத்தனையையும் திரட்டினேன். திரட்டி நெற்றிக்கு அனுப்பினேன். அங்கே கதவு சாத்தியிருந்தது. பல்லைக் கடித்தேன், காது ஆடியது. மூச்சை அடக்கினேன், கண் கொஞ்சம் பெரிதானது. பார்க்கிறவனுக்கு அது பாசமாகத் தெரிந்திருக்க வேண்டும். மச்சான் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் குரல் தழுதழுத்தது.

"அக்கா! இங்க வந்து பாரு! மாமா முகத்துல ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லக்கா! போன தடவை வந்தப்ப ஒரு பார்வை பார்த்தாரே, அதுக்குப் பயந்துதானே இவ்வளவு நாளா வராம இருந்தேன்!"

அடுப்படியிலிருந்து என் மனைவி நிதானமாகச் சொன்னாள்:

"அதுக்குத்தான்டா ஊசி பிடிக்கிற வரைக்கும் பொறுத்து வான்னு சொன்னேன்."